நாற்பது பேருக்கு ஒரு சில்லு

"வறுமை" என்ற சொல் அன்று காலையில் பதினேழாவது தடவையாகக் காதில் விழுந்தபோது சிஸ்டர் அமலோற்பவத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எண்ணவேண்டும் என்று அவள் உட்காரவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஜெபமாலை உருட்டிய விரல்கள் மடியில் தாமாகவே மடங்கி மடங்கிக் கணக்கு வைத்திருந்தன. நியூயார்க்கில், உலக நாடுகளெல்லாம் கூடிப் பேசுகிற அந்தப் பெரிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத ஓர் அறை. வெளியே பிப்ரவரிப் பனி. வந்தவர்களின் கம்பளிக் கோட்டுகள் நனைந்து நாற்காலி முதுகுகளில் தொங்கி, மழையில் நின்ற ஆட்டின் வாடையை மெல்ல விட்டுக்கொண்டிருந்தன, அதன்மேல் ஆளுக்கொரு சென்ட், அதன்மேல் காப்பி. முன்வரிசையில் ஒருவர் கேக்கைப் பிட்டுப் பிட்டுத் தின்று முடித்து, விரல்நுனியை எச்சில் தொட்டு, மேசையில் சிந்திய துணுக்குகளை ஒற்றி ஒற்றி எடுத்து வாயில் வைத்தார். வைத்துவிட்டு, கடைக்கோடி மனிதரின் பசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவரைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பார்க்காதே என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பார்த்தாள். அந்த விரல் மறுபடி நாக்குக்குப் போயிற்று, மறுபடி மேசைக்கு வந்தது. சீ, என்ன மனசு இது, ஒரு மனுஷன் தின்பதைப் போய் வேவு பார்க்கிறது, தின்றால் தின்னட்டுமே, நீ தின்னவில்லையா, காலையில் மடத்தில் வெண்ணெய் தடவி ரெண்டு ரொட்டி தின்றாயே, மூன்றாவதற்குக் கை நீட்டவில்லையா. நீட்டினாள்தான். அவளுக்கு முன்னால் மேசையில் மடித்து நிறுத்திய அட்டையில் "சிஸ்டர் அமலா" என்று அச்சிட்டிருந்தது. அமலோற்பவம் என்பது இவர்கள் வாயில் நுழையவில்லையாம். மாதாவின் பெயரை நடுவில் முறித்து, பாதியை அட்டையில் போட்டு, பாதியைக் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிட்டார்கள். ஆறு பேர் பேசவேண்டும், அவள் ஐந்தாவது. இரண்டு நிமிஷம். இப்போது பேசுவது இரண்டாவது ஆள், அவர் இரண்டு நிமிஷத்தை எப்போதோ தாண்டிவிட்டார், யாரும் அவரை நிறுத்தவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஐலீன் சிஸ்டர் அவள் முழங்கையை லேசாகத் தட்டி, "பதற்றமா இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று அமலோற்பவம் தலையசைத்தாள். ஐலீன் இந்த ஊர்க்காரர், எழுபது வயசு, அவர்களுடைய கன்னியர் சபைக்கு இங்கே பிரதிநிதி. பதினோரு வருஷமாக இந்தக் கட்டடத்துக்குள் நடையாய் நடந்து, ஏழைகளுக்காகக் கதவு கதவாகத் தட்டுகிறவர். நல்லவர். நல்லவர் என்பதுதான் தொல்லை. கெட்டவராயிருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். முந்தாநாள் மடத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து அமலோற்பவத்தின் ஐந்து பக்கத்தை வெட்டி அரைப் பக்கமாக ஆக்கியதும் இதே நல்லவர்தான். ராமநாதபுரத்துக் கடற்கரையில் சவேரியார்பட்டினம் என்கிற ஊரில் இறால் கம்பெனி ஒன்று இருக்கிறது, அங்கே பெண்கள் நின்றபடிக்கே எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் பனிக்கட்டித் தண்ணீரில் கையை விட்டு இறாலின் தலையைக் கிள்ளித் தோலை உரிக்கிறார்கள், அந்த இறால் கப்பலேறி இந்த நாடுகளுக்குத்தான் வருகிறது என்று அவள் எழுதியிருந்தாள். ஒரு மேசைக்கு நாற்பது பேர். நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளாஸ்டிக் சில்லு, சூப்பர்வைசர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போகவேண்டும். ஒருத்தி போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். அடிக்கடி எடுத்தால் மறுநாள் வேலை இல்லை. ஆகவே யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. மிக்கேலம்மா, சில்லு வந்த பிறகு ஆறு வருஷம் தண்ணீர் குடிக்காமல், மூத்திரத்தை அடக்கி அடக்கி, இரண்டு சிறுநீரகமும் போய், முப்பத்துநாலு வயசில் செத்தாள். வெளிநாட்டுக்காரர்கள் சோதனைக்கு வருகிற அன்று மட்டும் எல்லாக் கழிவறையும் திறந்திருக்கும், புதுச் சோப்பு இருக்கும், துண்டு தொங்கும். அவர்கள் கொண்டுவரும் படிவத்தில் இறால் சுத்தமாக இருக்கிறதா என்பதற்கு நாற்பத்தாறு கேள்வி. உரிக்கிறவள் மூத்திரம் பெய்தாளா என்பதற்கு ஒரு கேள்வியும் இல்லை. அந்த ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். ஐலீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அமலா, இது என் நெஞ்சை உடைக்குது. ஆனா அந்த அறையில் அந்த வார்த்தையைச் சொன்னா அவங்க காதைப் பொத்திக்குவாங்க" என்றார். அந்த வார்த்தை போய், "சுகாதார வசதிகளுக்கான போதிய அணுகல் இன்மை" என்பது வந்தது. மிக்கேலம்மா போய், "பாதிப்புக்குள்ளாகும் நிலையிலுள்ள பெண்கள்" வந்தார்கள். அணுகல். வாயில் போட்டு மென்று பார்த்தால் ஈரச் சாக்கைக் கடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் மறுத்துப் பேசவில்லை, அதுதான். "சரி சிஸ்டர்" என்றாள். சரி சிஸ்டர், சரி மதர், சரி சாமி, இந்த "சரி"யிலேயே ஆயுசு போய்விட்டது.

திரையில் படங்கள் மாறின. அவளுடைய பெயருக்கு நேரே ஒரு பெண் சிரித்தாள். முதுகில் கூடை, பின்னால் பச்சை மலை. இவள் யார்? தேயிலை பறிக்கிறவள். சவேரியார்பட்டினத்தில் மலைக்கு எங்கே போவது, அங்கே மேடாக இருப்பது கருவாட்டுக் குவியல் ஒன்றுதான். அவள் தன் போனில் எடுத்து அனுப்பிய படங்கள் கைகள்: வெளுத்து ஊறித் தோல் உரிந்த கைகள், இறால் கொம்பு குத்திச் சீழ் கட்டிய விரல்கள், கம்பெனிப் பெண்களின் சங்கத் தலைவி வியாகுலத்தின் நகமே இல்லாத பெருவிரல். அவை மனித கண்ணியத்துக்குப் பொருந்தாதவை என்று இங்கே குழு கூடி முடிவெடுத்ததாம். எந்தக் கண்ணியம், யாருடைய கண்ணியம், நகம் போனவளின் கண்ணியமா, கேக் தின்கிறவரின் கண்ணியமா. கோபம் ஏறிக்கொண்டே வந்து, ஒரு முள்ளில் மாட்டியது போல நின்றது. எப்போதும் மாட்டுகிற அதே இடம். நீ மட்டும் அந்தக் கைகளைப் பார்த்தாயா? பார்த்தேன். தொட்டாயா? தொட்டேன். தொட்டுவிட்டு?

தொட்டுவிட்டுக் கழுவினாள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், திருச்சியில் ஒரு வாத்தியார் வீட்டில் வளர்ந்து, பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் சவேரியார்பட்டினம் மடத்துக்கு மாற்றலாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குள் கால் வைத்ததும் அந்த நாற்றம் வந்து மூஞ்சியில் அறைந்தது. மீன் நாற்றம் இல்லை. மீன் நாற்றத்தில் ஓர் உயிர் உண்டு. இது அழுகின இறால் தோலும் குளோரினும் வேர்வையும் கலந்து, எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாமல், ஞாயிற்றுக்கிழமைச் சேலையையும் மல்லிகைப்பூவையும் துளைத்துக்கொண்டு வருகிற நாற்றம். பெண்கள் கடைசி வரிசையில் தாமாகவே ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் நற்கருணை வாங்க முன்னால் வரவேண்டுமே. விசைப்படகு முதலாளிகளின் பெண்சாதிகள் பவுடர் போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். அமலோற்பவத்திடம் கைக்குட்டை இல்லை, இருந்திருந்தால்? மூச்சை அடக்கிக்கொண்டு வாயால் பரலோக மந்திரம் சொன்னாள். இரண்டு மாசம் கழித்துப் பங்குச்சாமியார் கூப்பிட்டனுப்பினார். "சிஸ்டர், ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. உங்களுக்கே தெரியும். விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஒரு முதல் பூசை வச்சா கம்பெனிக்குப் போறவங்களுக்குத் தோதா இருக்கும். நான் சொன்னா வேற மாதிரி ஆயிரும். நீங்க பக்குவமாச் சொல்லிடுங்க." பக்குவமாகத்தான் சொன்னாள். சங்கக் கூட்டத்தில், உங்க வசதிக்காகத்தான் சாமி இந்த ஏற்பாட்டைச் செய்கிறார், வேலைக்குப் போகுமுன் ஆண்டவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மிக்கேலம்மா, அப்போது இருபது வயசு இருக்கும், எழுந்து வந்து அவள் கையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு முத்தமிட்டாள். மடத்துக்கு வந்து அந்தக் கையை அவள் மூன்று தடவை கழுவினாள். சோப்புப் போட்டு, முகர்ந்து பார்த்து, மறுபடி போட்டு, மறுபடி முகர்ந்து. அதற்குப் பிறகு எவ்வளவோ பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறாள். கோபம், சோம்பல், ஜெபத்தில் பராக்கு. இதை மட்டும் எந்தக் குருவிடமும் சொன்னதில்லை. இது பாவமா, சுத்தமா, இதற்கு என்ன பெயர் சொல்வது என்று தடுமாறி, அப்படியே பதினான்கு வருஷம் உள்ளே கிடந்து, அதுவும் இறால் தோல் மாதிரி ஊறி ஊறி...

"...இப்போது நாம் கேட்கப்போவது ஒரு குரலை" என்றார் கூட்டத்தை நடத்திய பெண்மணி. சாம்பல் நிறக் கோட்டு, காதில் சிறு முத்து. "இந்தியாவின் தெற்குக் கடற்கரையில் ஏழைப் பெண்களோடு பெண்ணாக, அவர்களில் ஒருவராகவே வாழ்ந்து வருகிற சிஸ்டர் அமலா." அவர்களில் ஒருவராகவே. அந்தச் சொல்தான் வேலையைச் செய்தது. வாயில் ஈ விழுந்ததுபோல் இருந்தது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மைக்கின் பொத்தானை அழுத்தினாள், சிவப்பு விளக்கு எரிந்தது, அரைப் பக்கத் தாளின் முதல் வரியை வாசித்தாள், "போதிய அணுகல்" என்ற இடத்துக்கு வந்தாள், நின்றாள். ஐலீன் நிமிர்ந்து பார்த்தார். அமலோற்பவம் தாளைக் கவிழ்த்து வைத்தாள். "நான் அவர்களில் ஒருத்தி இல்லை" என்றாள் ஆங்கிலத்தில். "அவர்கள்மேல் வீசிய நாற்றம் எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர்களைத் தனிப் பூசைக்கு ஒதுக்கிவைக்கச் சொன்னார்கள், அதை நான்தான் சிரித்துக்கொண்டே போய்ச் சொன்னேன். அவர்கள் எனக்கு நன்றி சொல்லிக் கையில் முத்தமிட்டார்கள். நான் அந்தக் கையை மூன்று தடவை கழுவினேன்." சொல்லச் சொல்ல உடம்பில் ஒரு சூடு பரவியது. பதினான்கு வருஷத்துக் கட்டி உடைந்து ஒழுகுகிற சுகம். குரல் தழுதழுத்தது, தழுதழுத்தது அவளுக்கே காதில் விழுந்தது, நன்றாகவும் இருந்தது. சோப்பைச் சொன்னாள், முகர்ந்ததைச் சொன்னாள், ஒதுக்குவதில் கோயிலுக்கும் கம்பெனிக்கும் வித்தியாசமில்லை என்று சொன்னாள். அறை அசையாமல் கேட்டது. கேக் தின்றவர் நெஞ்சில் கை வைத்திருந்தார். மேசையில் இருந்த சிறு கடிகாரம் சிவப்பாக மின்னியபோது அவள் நிறுத்தினாள். அப்புறம் கைதட்டினார்கள், முன்னால் பேசிய நால்வருக்கும் தட்டாத தட்டு. சாம்பல் கோட்டு அம்மாள் கண்ணோரத்தை விரல்மடிப்பால் ஒற்றிக்கொண்டு, "எவ்வளவு துணிச்சல், எவ்வளவு அழகு" என்றார். அழகாம். ஐலீன் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். பின்வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் குனிந்தபடியே வந்து, இதை எங்கள் அறிக்கையில் மேற்கோளாகப் போட்டுக்கொள்ளலாமா என்று காதோரம் கேட்டாள். அவள் வாயில் புதினா வாசனை. அமலோற்பவம் சரி என்றாள். பாவம் மன்னிக்கப்பட்டவள்போல மனசு லேசாக இருந்தது, ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். மடியில் போன் துடித்தது. வியாகுலம்.

ஆறாவது ஆள் பேசத் தொடங்கியிருந்தார். அவள் நழுவி வெளியே வந்து, நடைபாதையில் ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டு போனைக் காதில் வைத்தாள். அங்கே பொழுதடைந்து, சாப்பாடெல்லாம் ஆகியிருக்கும். பல குரல்கள் இரைந்தன, பிறகு சும்மா இருங்கடி என்ற அதட்டல். சங்கத்துத் தலைவி வியாகுலம், மிக்கேலம்மாவின் அக்காள்.

"சிஸ்டர், பேசிட்டீகளா? நாங்க மாதா கெபிகிட்டத்தான் எல்லாரும் உக்காந்திருக்கோம்."

"பேசிட்டேன் வியாகுலம். இப்பத்தான்."

"மிக்கேலு பேரச் சொன்னீகளா?"

தூண் சில்லென்றிருந்தது. "பேரு... இல்ல. வேற ஒண்ணு சொன்னேன். உங்ககிட்டயே இத்தன நாளாச் சொல்லாதது." சொன்னாள். முதல் பூசை, சாமியார், கை கழுவினது. தமிழில் சொல்லும்போது குரல் தழுதழுக்கவில்லை, வறண்டு வந்தது.

"இதத்தான் சொன்னீகளா?" என்றாள் வியாகுலம். "மொதப் பூசை எதுக்கு வச்சாகன்னு எங்களுக்குத் தெரியாதா? எங்களுக்கென்ன மூக்கு அறுந்தா கெடக்கு? அவ முத்தி குடுத்தப்ப நீங்க மொகத்தத் திருப்புனதயும் பாத்தோம். அது கெடக்கட்டும் சிஸ்டர். சில்லு விசயத்தச் சொன்னீகளா?"

"இல்ல."

"அந்தப் படிவத்துல ஒரு கேள்வி சேக்கச் சொல்லணும்னமே, அது?"

"அதுவும் இல்ல."

"ரெண்டு நிமிசமும் இதுக்கேவா போச்சு?" அந்தப் பக்கம் யாரோ என்ன என்னவென்று கேட்டார்கள். "என்ன சொன்னாக அங்க உள்ளவுக?"

"கை தட்டினாங்க."

"யாருக்கு? உங்களுக்கா?"

அவ்வளவுதான். போனை வைத்தது யார் என்று தெரியவில்லை. சுவரோரம் ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டுக்காரரின் தோளைத் தட்டிச் சிரித்துக்கொண்டு போனார். உங்களுக்கா. உங்களுக்கா. அமலோற்பவத்துக்கு இப்போது வந்தது காலையில் வந்த குமட்டல் இல்லை. அது அடுத்தவரின் விரலையும் எச்சிலையும் பார்த்து வந்தது, அதில் ஒரு சொகுசு இருந்தது. இது அடிவயிற்றிலிருந்து வந்தது. மிக்கேலம்மா ஆறு வருஷம் அடக்கி, அது அவளைக் கொன்று, அதன் பேரில் கிடைத்த இரண்டு நிமிஷத்தை, இருநூற்றுப் பத்துப் பெண்கள் ஊரில் ஜெபம் பண்ணி அனுப்பிய இரண்டு நிமிஷத்தை, இவள் எடுத்துத் தன் கையை நாலாவது தடவையாகக் கழுவிக்கொண்டாள். அவ்வளவு பேர் முன்னால் வைத்து. வாசனைச் சோப்புப் போட்டு. கேக் துணுக்கை ஒற்றி எடுத்தவர் எவ்வளவோ தேவலை, அவர் தின்றது அவருடையதை. நான் தின்றது? மூஞ்சியைக் கையால் மூடிக்கொண்டு அழவேண்டும்போல் வந்தது. அழுதால் அதையும் யாராவது வந்து அழகு என்று சொல்லித் தொலைப்பார்கள், உள்ளே போ, முதலில் உள்ளே போ.

போனாள். ஆறாவது ஆள் முடித்துவிட்டு, சாம்பல் கோட்டு அம்மாள் எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். கேள்விகளுக்கு நேரமில்லை, வெளியே சிற்றுண்டி இருக்கிறது என்றார். கோட்டுகளை எடுக்கிற சலசலப்பு. அமலோற்பவம் உட்காரவில்லை, குனிந்து பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "நான் இன்னும் சொல்லவில்லை" என்றாள். அந்த அம்மாள் புன்னகையோடு, "சிஸ்டர் அமலா, நீங்கள் ஏற்கெனவே மிக அழகாக—" என்று தொடங்கினார். "என் பெயர் அமலோற்பவம். நான் பேசியது என்னைப் பற்றி. அனுப்பியவர்கள் சொல்லச் சொன்னது வேறு." ஐலீன் அவளை அண்ணாந்து பார்த்தார், முகம் வெளுத்திருந்தது. பார்த்துவிட்டு, அந்த எழுபது வயசு மனுஷி தானும் எழுந்து, சாம்பல் கோட்டு அம்மாளின் பக்கம் கையை உயர்த்தி, பொறுங்கள் என்பதுபோல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"மூத்திரம்" என்றாள் அமலோற்பவம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மருத்துவப் பெயர் ஒன்று இருந்தது, அதை விட்டுவிட்டு, அதற்கும் கீழே தெருவில் கிடந்த பெயரைத் தேடி எடுத்துச் சொன்னாள். "நீங்கள் வாங்குகிற இறாலை உரிக்கிற பெண்கள் எட்டு மணி நேரம் மூத்திரத்தை அடக்குகிறார்கள். முடியாதபோது நின்ற இடத்திலேயே போகிறது. கீழே கிடக்கிற பனித்தண்ணீரோடு அது கலக்கிறது. அதே தண்ணீர் தெறித்து மேசைக்கு வருகிறது. மிக்கேலம்மா என்று ஒருத்தி. வயசு முப்பத்துநாலு." முன்வரிசையில் கோட்டுக்குள் ஒரு கையை விட்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். புதினா வாசனைப் பெண்ணின் பேனா ஓடவில்லை. சாம்பல் கோட்டு அம்மாளின் மேலுதடு சுருங்கி, மூக்கோரம் மடிந்து, முகம் கோணிக்கொண்டு போயிற்று. அவரால் அதை மறைக்க முடியவில்லை, ஒரு கை மைக்கை அணைக்கிற பொத்தானைத் தேடி மேசைமேல் தடவியது. ஒருவரும் கைதட்டுகிற முகத்தோடு இல்லை. அமலோற்பவம் தன் பொத்தானின்மேல் வைத்த விரலை எடுக்காமல், நாற்பது பேருக்கு ஒரு சில்லு என்கிற அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.